ஒற்றைக் கல்லை நம்பிப் போட்ட பாதை

நான் சைக்கிள் ஓட்டுவது உடம்பைக் குறைக்க இல்லை. குறையவும் இல்லை. பெங்களூரில் வேலை பார்த்த என் தம்பி வெளிநாட்டுக்குப் போகும்போது ஒரு சைக்கிளை எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டுப் போனான். ஹேண்டில்பார் கடாவின் கொம்பு மாதிரி வளைந்திருந்தது. டயர் தடிமனாக இருந்தது. கேரியரும் ஸ்டாண்டும் கிடையாது. அதற்கு கிராவல் பைக் என்று பேர். தார் ரோட்டிலும் போகும், செம்மண் தடத்திலும் போகும். ஸ்டாண்டு இல்லாததை எங்கள் தெருவில் யாரும் சைக்கிள் என்று ஒப்புக்கொள்வதில்லை. நாற்பத்து நான்கு வயதில் நான் அதை வெளியே எடுத்தபோது எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "ஏன் ஆத்தா, ஸ்கூட்டி ரிப்பேரா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

நான் நிலம் அளப்பவள். லைசென்ஸ் வாங்கித் தனியாகத் தொழில் செய்கிறேன். பாகப்பிரிவினை, வேலித் தகராறு, வீட்டுமனை என்று வாரத்தில் ஆறு நாள் வெயிலில் டேப் பிடித்துவிட்டு, ஏழாவது நாளும் அதே வெயிலுக்குள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகிறாளே என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். கிண்டலில் நியாயம் உண்டு. ஆனால் அளக்கப் போகிற இடத்தில் இரண்டு தரப்பும் முறைத்துக்கொண்டு நிற்கும். என் டேப் யார் பக்கம் சாய்கிறது என்று எல்லோர் கண்ணும் என் கையிலேயே இருக்கும். சைக்கிளில் போகும்போது நிலம் யாருடையது என்ற பேச்சே இல்லை. அந்த நிம்மதி எனக்கு வேண்டியிருந்தது.

எங்கள் மாவட்டத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேட்டால் நாங்களே "வெறும் பொட்டக்காடுங்க" என்று சொல்லிவிடுவோம். அந்தப் பொட்டல்தான் இந்தச் சைக்கிளுக்குத் தோதான இடம். செம்புறாங்கல் உதிர்ந்து சரளையாகக் கிடக்கும் மேட்டு நிலம், தைலமரக் காட்டுக்குள் ஜீப் போவதற்காக வெட்டிவிட்ட நேர்த்தடங்கள், வற்றிய கண்மாய்களின் கரை, முந்திரித் தோப்புகளின் ஓரம் என்று நாற்பது கிலோமீட்டருக்குத் தார் ரோட்டில் ஏறாமலே சுற்றலாம். சித்தன்னவாசல் பக்கம் பாறை அதிகம், முதுகு கழன்றுவிடும். ஆவுடையார்கோவிலைத் தாண்டிக் கோட்டைப்பட்டினம் போகும் வழியில் எதிர்க்காற்று ஆளை இறக்கித் தள்ளவைக்கும். எனக்குப் பிடித்தது கிழக்கே, ஆலங்குடிப் பக்கம். செம்மண், பலா, கடலைக் கொல்லை, அங்கங்கே நிழல். எங்கே போனாலும் பகையாளி மட்டும் ஒன்றுதான், சீமைக்கருவேல முள். வாரம் ஒரு டியூபாவது பஞ்சராகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலு பேர் போவோம். மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவர், கல்லூரியில் பாடம் நடத்தும் ஒருவர், அவருடைய மனைவி, பிறகு நான். ரூட் போடுவது என் பொறுப்பு. மற்றவர்கள் போனில் இருக்கும் மேப்பைப் பார்த்துப் போடுவார்கள். நான் பழைய கிராம வரைபடத்தைப் பார்த்துப் போடுவேன். அதில் மாட்டுவண்டிப் பாதைகள் இரட்டைப் புள்ளிக்கோடாக இருக்கும். வண்டி ஓடுவது நின்று எத்தனை வருஷமானாலும் காகிதத்தில் பாதை அழியாது. அப்படி ஒன்றைத் தரையில் தேடிக் கண்டுபிடித்து, போனில் கோடாக மாற்றி, வாட்ஸப் குரூப்பில் போடும்போது எனக்கு வரும் கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. "எப்புடிங்க கண்டுபிடிக்கிறீங்க?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்பார். தொழில் ரகசியம் என்பேன்.

அப்படித்தான் ஆலங்குடிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில், கண்மாய்க் கரையிலிருந்து அடுத்த ஊர் ரோடு வரைக்கும் ஒரு வண்டிப்பாதை வரைபடத்தில் இருப்பதைப் பார்த்தேன். ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், தனியாகப் போய் அதைத் தேடினேன். பாதையின் இரண்டு முனைகளும் தெளிவாக இருந்தன. நடுவில் வளைந்து போகும் இடத்தில் ஏறக்குறைய இருநூறு அடி மட்டும் காணோம். அங்கே ஒரு வீடு இருந்தது. வீட்டைச் சுற்றி முள்வேலி, வேலிக்கு மேற்கே கரை வரைக்கும் ஆள் நுழைய முடியாத கருவேலப் புதர்.

காணாமல் போன பாதையைக் கண்டுபிடிக்க ஒரு சர்வே கல் வேண்டும். கரையடியில் ஒரு வேப்பமரத்தின் கீழ் ஒன்று நின்றது. மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துச் சிவப்புத் துணி சுற்றியிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் துணியை மெதுவாக விலக்கிப் பார்த்தேன். தலையில் எங்கள் தொழில்காரர்கள் செதுக்கும் குறி இருந்தது. சர்வே கல்லைச் சாமியாக்குவது இந்தப் பக்கம் அதிசயமில்லை. நட்டுவைத்த கல் எதுவானாலும் யாராவது ஒருவர் பொட்டு வைத்துவிடுவார், அடுத்தவர் சூடம் கொளுத்திவிடுவார். வரைபடத்தில் இருந்த தூரத்தை அந்தக் கல்லிலிருந்து என் காலடியாலேயே அளந்தேன். எத்தனை எட்டு வைத்தால் எத்தனை மீட்டர் என்பது இருபது வருஷப் பழக்கத்தில் காலுக்கே தெரியும்.

மூன்று கற்களைச் சரிபார்க்காமல் கோடு போடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம். எவனாவது வந்து ஒரு கல்லைப் பிடுங்கி நட்டிருந்தால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும். தொழிலுக்காக அளக்கும் இடத்தில் அதை நான் ஒரு நாளும் மீறியதில்லை. அன்றைக்கு இது சைக்கிள் ரூட்தானே என்று ஒரே கல்லோடு நிறுத்திக்கொண்டேன்.

என் கணக்குப்படி பாதை முள்வேலியைத் தாண்டி, அந்த வீட்டு வாசலில் நின்ற ஒரு பலாமரத்தின் மேல் நேராகப் போய் விழுந்தது. பெரிய மரம். ஒரு ஆள் கட்டிப் பிடித்தால் கை எட்டாது. அடிமரத்திலிருந்தே காய் பிடித்திருந்தது. அணில் கடிக்காமல் இருக்கப் பழங்களுக்குச் சாக்குக் கட்டியிருந்தார்கள். வீட்டு ஓட்டில் பாதிக்கு அதன் நிழல்தான். சுற்றிலும் வேறு பலா எதுவும் கண்ணில் படவில்லை.

வேலியில் கதவாக வைத்திருந்த படலை நகர்த்தப் போனபோது உள்ளேயிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கையில் ஆட்டுக்குத் தழை.

"இங்கிட்டு வழி இல்லைங்க. அங்கிட்டு சுத்திப் போங்க."

"வழி இருக்குங்க. மேப்புல இது வண்டிப்பாதை."

"நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இது வீட்டு வாசல்தாங்க."

சரிங்க என்று சொல்லித் திரும்பியிருக்கலாம். எனக்கு ஒரு கெட்ட குணம். நான் சொல்லும் அளவை யாராவது இல்லை என்றால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். போனில் வைத்திருந்த வரைபடத்தை விரலால் பெரிதாக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"நான் சர்வேயருங்க. இருவது வருஷமா இதுதான் வேலை. இந்தக் கோட்டப் பாருங்க. ஒங்க மரமே பாதையிலதான் நிக்குது."

அவர் கோட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு மரத்தைப் பார்த்தார். வேலிக்குப் பின்னால் கடலைக் கொல்லையில் ஒருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அந்தக் கொல்லைக்குச் சொந்தக்காரர் அவர்தான்.

"சர்வேயரம்மா, பாதை எத்தன அடி அகலங்க?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"பன்னெண்டு அடி" என்றேன். கேட்டவர் எதற்குக் கேட்கிறார் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அந்த அம்மா தழையைக் கீழே போட்டுவிட்டுப் படலை இழுத்து விலக்கினார். நான் ஜெயித்த சந்தோஷத்தில் மரத்தை ஒட்டிச் சைக்கிளை ஓட்டி, மறுபக்கப் படல் வழியாக வெளியேறி, அடுத்த ஊர் ரோட்டைப் பிடித்தேன். ரூட் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் போனோம். நாங்கள் வருவதைப் பார்த்து, கேட்காமலே அந்த அம்மா படலைத் திறந்துவிட்டார். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டோம். அவர் கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு ஒரு பழத்தையே அறுத்துச் சுளையெடுத்துக் கொடுத்தார். தின்றுகொண்டிருந்தபோது கதை சொன்னார். வீட்டுக்காரர் மலேசியாவில் இருக்கிறார். இந்த இடத்தில் முன்னே பதினோரு பலா நின்றது. பெரும்புயல் அடித்த ராத்திரியில் பத்தும் வேரோடு சாய, இது ஒன்று மட்டும் நின்றது. மறுநாள் வெளியே வந்து இந்த மரத்தைப் பார்த்த பிறகுதான் அந்த அம்மா இங்கேயே இருக்கலாம் என்று முடிவு செய்தாராம்.

"மரத்த ஒன்னும் பண்ண மாட்டாங்கல்லங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அதெல்லாம் யாரு என்ன பண்ணப் போறா" என்றேன், வாய் நிறையச் சுளையோடு.

திரும்பி வரும் வழியில் கல்லூரிக்காரர், இதுவரைக்கும் நான் போட்டதிலேயே இதுதான் நல்ல ரூட் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து, கடலைக் கொல்லைக்காரர் என் ஆபீஸ் படியேறி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் பிளாஸ்டிக் கவரில் பட்டா நகல். மரியாதையான மனுஷன், குரலை உயர்த்தத் தெரியாதவர். அவர் கிணறு வற்றி மூன்று வருஷமாகிறது. போர்வெல் போடலாம் என்றால் அதற்கான பெரிய லாரி கொல்லைக்குள் வர வழியில்லை. பலாமரத்து வீட்டு வாசல் வழியாக விடச் சொல்லிப் பலதடவை கேட்டும் அந்த வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. கடலை கண்ணெதிரே காய்கிறது. பாதை இன்ன இடத்தில் இருக்கிறது என்று நான் ஒரு படம் வரைந்து கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

"நான் முறையா அளக்கலைங்க. சைக்கிள்ல போக வழி இருக்கான்னு சும்மா பாத்தேன்" என்றேன்.

"அதாங்க, நீங்களே பாத்துச் சொன்னீங்களே. ஊர்ல நாலு பேருகிட்டயும் சொல்லிட்டேன். அளக்கச் சொல்லி தாலுகா ஆபீஸ்ல மனுவும் குடுத்திருக்கேன்."

கையெழுத்துப் போட மறுத்து அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. நான் சொன்னது ரூட். அவர் கேட்டுக்கொண்டது தீர்ப்பு. மறுநாளே போய் மூன்று கற்களையும் சரிபார்த்திருக்க வேண்டும். அந்த வாரம் இரண்டு பாகப்பிரிவினை வேலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோட்டைப்பட்டினம் ரூட் முன்பே பேசிவைத்தது. எதிர்க்காற்றில் மிதித்துப் போய், கடற்கரையைப் பார்த்து, மீன்குழம்பு சாப்பிட்டு வந்தோம். அதற்கடுத்த வாரமும் ஏதோ ஒரு வேலை. இதையெல்லாம் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலையில், மருந்துக்கடைக்காரரை டேப்பின் மறுமுனை பிடிக்கச் சொல்லி அழைத்துக்கொண்டு போனேன். கண்மாய் மடையருகே ஒரு கல் இருந்தது. அடுத்த ஊர் ரோட்டோரம் மண்ணுக்குள் பாதி புதைந்து இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் வரைபடத்தோடு அப்படியே ஒத்துப்போனது. மூன்றாவது, வேப்பமரத்தடிச் சாமி. அது மட்டும் ஒத்துவரவில்லை. இருபத்திரண்டு அடி கிழக்கே தள்ளி நின்றது. மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் இருபத்திரண்டு அடி.

கரைக்குக் கீழே இருந்த டீக்கடைக்காரரிடம் போய், அந்தக் கல் எப்போதிருந்து அங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"சாமிங்களா? அது முன்னாடி அந்தா, அந்தக் கருவமரத்துக்கிட்ட வெட்டவெளியில நின்னுச்சுங்க" என்று அவர் கையை நீட்டி மேற்கே காட்டினார். "பொங்க வைக்கிற பொம்பளைங்க வெயில்ல நின்னு மயக்கம் போட்டு விழுந்தாங்க. அதான் நெழலுக்கு மாத்திரலாம்னு பூக்கட்டிப் பாத்தோம். வெள்ளப்பூ வந்துச்சு. நாலு பேரு சேந்து தூக்கியாந்து வேம்புக்கடியில வச்சுட்டோம்."

சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டு, கைக்கு வருவதை எடுத்துப் பார்ப்பார்கள். அந்த ஊரில் வெள்ளை வந்தால் சாமி சம்மதம் என்று அர்த்தம். ஊரே கூடி முறைப்படி சாமியிடம் கேட்டிருக்கிறார்கள். அது சர்வே கல் என்பது அவர்களுக்கு ஒரு விஷயமே இல்லை.

"இத யாருகிட்டயும் சொல்லலையா?"

"யாரும் கேக்கலைங்களே" என்றார் அவர்.

மருந்துக்கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை மறைப்பானேன். உண்மையான பாதை அந்த அம்மாவின் வேலிக்கு வெளியே, கருவேலப் புதருக்குள் இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத இடம். ஒரு ஜேசிபியைவிட்டு அரைநாள் முள்ளை வாரித் தள்ளினால் போர் லாரி தாராளமாகப் போய்விடும். கொல்லைக்காரருக்குத் தண்ணீர், அந்த அம்மாவுக்கு மரம், எவருக்கும் நஷ்டமில்லை. இந்த நல்ல செய்தியை நானே சொல்ல வேண்டும் என்று, மருந்துக்கடைக்காரரை டீக்கடையில் விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேகமாகப் போனேன்.

வேலியில் படல் இல்லை. இரண்டு பக்கமும் முள்ளை வெட்டி ஒதுக்கி அகலமாகத் திறந்திருந்தது. வாசல் முழுக்க வெயிலாக இருந்தது. மரம் நின்ற இடத்தில் தரையோடு தரையாக அறுத்த அடிக்கட்டை மஞ்சளாகத் தெரிந்தது. அதன் மேலேயே கனமான டயர் ஏறிப்போன தடம் இருந்தது. அந்த அம்மா வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்து, ஒடித்துப் போட்ட பலாக்கிளைகளிலிருந்து தழையை உருவி ஆடுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எப்பங்க வெட்டுனீங்க?" என்றேன்.

"செவ்வாக்கெழமைங்க. அளக்க வார தேதி வந்துருச்சு. பொறம்போக்குல நிக்கிற மரம்னு எழுதிட்டா அது சர்க்கார் மரம், அப்பறம் நம்ம தொட முடியாதுன்னாங்க. மலேசியாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். யாரோ வந்து வெட்டிக்கிட்டுப் போறதுக்கு நம்ம கையாலயே வெட்டிரு, வழிய விட்டுருன்னாரு."

"அளக்க வந்தாங்களா?"

"எதுக்குங்க? வழி விட்டதும் கொல்லைக்காரரு மனுவத் திருப்பி வாங்கிட்டாரு. நேத்து போர் வண்டி வந்துட்டுப் போச்சு. தண்ணி வந்துருச்சாம்." அவர் குரலில் பொறாமையோ கோபமோ இல்லை. பக்கத்து வீட்டுச் செய்தி சொல்வதுபோலச் சொன்னார்.

பேசாமல் திரும்பியிருக்கலாம். அப்படி ஒரு எண்ணம் வந்தது. சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியவே போவதில்லை, எனக்கும் நல்ல பெயர். ஆனால் வாய் கேட்கவில்லை. பாதை அவர் வாசலில் இல்லை என்று சொன்னேன். அது புதருக்குள் இருக்கிறது, நான் ஒரே ஒரு கல்லைப் பார்த்துத் தப்பாகச் சொல்லிவிட்டேன், வேப்பமரத்தடிச் சாமியை இடம் மாற்றியது எனக்குத் தெரியாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். முறையாக அளந்து கையெழுத்துப் போட்டுப் படம் தருகிறேன், வேலியைத் திரும்ப அடைத்துக்கொள்ளலாம் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது.

அவர் கை தழை உருவுவதை நிறுத்தவில்லை.

"இனி எப்புடிங்க அடைக்க? தெறந்துவிட்ட வழிய மறிச்சா நாந்தான் கெட்டவ ஆவேன்." அடுத்த கிளையை எடுத்துக்கொண்டு, "சாமிய மாத்துனது எனக்குத் தெரியுமே. நெழலுக்கு வந்தப்பறம் மொதப் பொங்க வச்சதே நாந்தான்" என்றார்.

"அப்ப அன்னைக்கே ஏங்க சொல்லல?" என்று கேட்டுவிட்டேன். அந்த நேரத்திலும் என் கோபம் முந்திக்கொண்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்த்திருந்த என் சைக்கிளைப் பார்த்தார்.

"நீங்க எந்தக் கல்லுலேர்ந்து பாத்தீங்கன்னு எனக்கு எப்புடிங்க தெரியும்? மேப்புன்னீங்க. சர்வேயருன்னீங்க. அளக்கத்தான் வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். சைக்கிள் ஓட்ட வந்தீங்கன்னு தெரிஞ்சிருந்தா வேலியத் தெறந்தே இருக்க மாட்டேனே."

ஆடுகள் தழையைத் தின்று முடித்தன. அவர் அவற்றை அவிழ்த்துக்கொண்டு, வாசலில் நிறுத்த நிழல் இல்லாததால், வேலிக்கு வெளியே இருந்த கருவேலப் புதரின் நிழலுக்கு ஓட்டிப் போனார்.